கரடியின் குரல் எந்த ஃபோல்டரில்?

கசன்லக், ஏப்ரல் 3

நெவெனா,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். வர்னாவில் கடல் இருக்கிறது, கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் உனக்கொரு நாற்காலி இருக்கிறது. போனில் கேட்டிருக்கலாம். நீ எடுக்கமாட்டாய், எடுத்தால் நான் கத்துவேன். அதனால்தான் மின்னஞ்சல்.

கரடியைக் காணோம்.

பொம்மை கொக்கியில்தான் தொங்குகிறது. அதன் குரலைத்தான் காணோம். என் கொழுந்தன் கிரும் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். "அண்ணி, இனிமே ஜெட் வேகம்" என்றான். அதில் நம் பொம்மலாட்ட நாடகக் கோப்பைத் திறந்தால் நீ குரல்களுக்கு வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் வெறுமையாக இருக்கின்றன. பிளகின் கிடைக்கவில்லை, பிளகின் கிடைக்கவில்லை என்று திரை முழுக்கச் சிவப்பு. மைக்கில் பேசிப் பார்த்தேன். நான் பேசியது நான் பேசியது போலவே கேட்டது. அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

நம் கரடிக்குப் பேசுகிற பெஞ்சோ மாமாவுக்கும் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. பயப்படாதே, கெட்ட கட்டி இல்லை. மே மாதம் வரை வாய் திறக்கக் கூடாதாம். எல்லாவற்றையும் எழுதிக் காட்டுகிறார். எழுத்திலும் கெட்ட வார்த்தைதான்.

ஜூன் முதல் ஞாயிறு ரோஜாத் திருவிழா. கரடி தோப்லோவைப் பார்க்க ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும் வரும். அதன் குரலை எங்கே வைத்திருக்கிறாய்? ஒரு வரி போதும்.

ராட்கா

•

வர்னா, ஏப்ரல் 9

ராட்கா,

ஒரு வரி போதாது.

பெஞ்சோ மாமாவை நான் விசாரித்ததாகச் சொல். உன்னை விசாரிக்கவில்லை. போன அக்டோபரில் குழுவில் எல்லோர் முன்னாலும், "பாதி நாடகத்துல பொம்மையக் கீழ போட்டுட்டுப் போறவ" என்று என்னைச் சொன்னாய். நான் சீசன் முடித்துவிட்டுத்தான் போனேன். இதை ஒருமுறை எழுத்தில் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லியாகிவிட்டது.

இப்போது கரடி. நாடகக் கோப்புக்குள் கரடியின் குரல் கிடையாது. உன் அம்மா எழுதி வைத்த சூப் குறிப்பை நினைத்துக்கொள். 'நம் வீட்டு உப்புக்கலவை ஒரு கரண்டி' என்று இருக்கும். அந்தக் கலவை ஜாடி சமையலறையில் வேறு ஒரு அலமாரித் தட்டில் இருக்கும். நாடகக் கோப்பு அந்தக் குறிப்பு மாதிரி. 'இங்கே கரடி' என்று மட்டும் அதற்குத் தெரியும். சுருதி எவ்வளவு இறங்க வேண்டும், கரகரப்பு எவ்வளவு, எதிரொலி எவ்வளவு என்பதெல்லாம் குரலை மாற்றுகிற அந்தப் பிளகினுடைய செட்டிங்காகப் பழைய கம்ப்யூட்டரில் தனி ஃபோல்டரில் கிடக்கிறது. உன் கொழுந்தன் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, ஜாடியை விட்டுவிட்டு வீடு மாறியிருக்கிறான்.

பழைய கம்ப்யூட்டர் எங்கே? தயவுசெய்து, தூக்கிப் போட்டுவிட்டோம் என்று மட்டும் எழுதாதே. கிரும் அதை 'சுத்தம்' செய்வதற்கு முன்னால் அவன் கையைப் பிடி. அந்த ஃபோல்டருக்குப் போகிற வழியைத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன்: எதைத் திறக்க வேண்டும், எதற்குள் எது. படித்துவிட்டுத் தொடு. தொட்டுவிட்டுப் படிக்காதே.

நெவெனா

•

கசன்லக், ஏப்ரல் 14

நெவெனா,

தூக்கிப் போடவில்லை. தானம் செய்திருந்தோம்.

கிருமுடைய மாமியார் ஸ்தாங்கா அத்தையிடம் போயிருக்கிறது. அவள் அதில் சீட்டு விளையாடுகிறாள். நான் போய்க் கதவைத் தட்டினால், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொல்கிறாள்: "கொடுத்ததத் திருப்பிக் கேக்கற குடும்பம்னு எனக்கு அப்பவே தெரியும்."

"அத்தை, திருப்பியெல்லாம் கேக்கல. உள்ள ஒரு கரடி இருக்கு. அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடறேன்."

"என் மிஷின்ல கரடி ஒண்ணும் இல்ல. ராஜா ராணிதான் இருக்கு."

"உங்களுக்குத் தெரியாம இருக்கு அத்தை."

"எனக்குத் தெரியாம என் வீட்ல எதுவும் இருக்காது. உக்காரு. இந்த ஆட்டம் முடியட்டும்."

அந்த ஆட்டம் முடியவே இல்லை, நெவெனா. மோரைக் கொடுத்தாள், சீஸ் வைத்துச் சுட்ட பனிட்ஸா கொடுத்தாள், மருமகனைப் பற்றிய புகார் முழுவதையும் கொடுத்தாள். கடைசியில் தோற்றுப்போய், கம்ப்யூட்டர் மேலேயே கோபம் வந்து, "எடுத்துக்கிட்டுப் போ இந்தச் சனியன" என்றாள். கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு, நீ எழுதின வழியில் போனேன். ஃபோல்டர் இருந்தது!

ஆனால் திறந்து பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாதது உன் அதிர்ஷ்டம். இதெல்லாம் என்னடி பெயர்? 'மழை'. 'மறுபடி மழை'. 'கடைசி'. 'கடைசிக்குக் கடைசி'. 'இது இல்லை'. 'ராட்கா தும்மியது'. கரடி எது? முள்ளம்பன்றி எது? வாடைக்காற்று எது? நான் ஒரு கைக்குட்டைக்குக்கூட ஒழுங்காகப் பெயர் எழுதி வைக்கிறவள். உன்னோடு ஏழு வருடம் எப்படி வேலை செய்தேன்?

ராட்கா

(தும்மியது பற்றி விளக்கம் தேவை.)

•

வர்னா, ஏப்ரல் 20

ராட்கா,

உன் கடிதத்தை ஆபீசில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இங்கே யாரும் சிரிப்பதில்லை. எல்லோரும் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து மேஜைக்காரன் எழுந்து நின்று பார்த்தான்.

'ராட்கா தும்மியது' தான் கரடி. மறந்துவிட்டாயா? நான் சுருதியை இறக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எதுவும் சரியாக வரவில்லை. நீ மைக் பக்கத்தில் நின்று தும்மினாய். அரங்கத்தில் ஒரு மாபெரும் மிருகம் தும்மியது. பெஞ்சோ மாமா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்து சிரித்தார். அந்த செட்டிங்கை அப்படியே சேமித்துவைத்தேன். வேறு என்ன பெயர் வைப்பது? 'வாடைக்காற்று' தான் 'மறுபடி மழை'. 'இது இல்லை' என்பது முள்ளம்பன்றி. அதற்கு மட்டும் காரணம் எனக்கும் நினைவில்லை.

பெயர் விஷயத்தில் நீ சொல்வது சரி. இங்கே எல்லாவற்றுக்கும் முறை உண்டு: பாத்திரம், காட்சி, தேதி. முதல் மாதம் எனக்கு அழுகையாக வந்தது. இப்போது அது எனக்கே பிடித்திருக்கிறது. ஆகவே இப்படிச் செய். கேட்டுப் பார்ப்பதற்கு முன்னால், பெயர் மாற்றுவதற்கு முன்னால், ஃபோல்டரை முழுதாக நகல் எடு. ஒன்று அரங்கத்தில், ஒன்று உன் வீட்டில் பென் டிரைவில், ஒன்று எனக்கு அனுப்பு. கட்டடம் நனைந்தாலும் வீடு எரிந்தாலும் கரடி பிழைக்க வேண்டும்.

இன்னொன்று. கிரும் ஏற்றிய பிளகின் புதியது. பழைய செட்டிங்கை அது படிக்காது. முதலில் பழைய பிளகினையே ஏற்றச் சொல். அவன் முகத்தைச் சுளிப்பான். சுளிக்கட்டும்.

எல்லாம் திறந்தபின் பெயரை மாற்று. ஆனால் எதன்மேலும் எதையும் சேமிக்காதே. மாற்றம் செய்தால் புதுப் பெயர். இதை மட்டும் கையில் பச்சை குத்திக்கொள்.

திரும்பி வா என்று மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதே. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே கப்பல் போகிறது.

நெவெனா

•

கசன்லக், மே 7

அடி நெவெனா,

திரும்பி வா என்று யார் எழுதினார்கள்? உன் நாற்காலியில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகவே இருக்கிறது.

எல்லாம் வந்துவிட்டது! பழைய பிளகினை ஏற்றினோம். கிரும் முகத்தைச் சுளித்தான். நான் தும்மினேன், வேண்டுமென்றேதான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தோப்லோ! மேடையில் தனியாக நின்று கைதட்டினேன். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து, கேட்டு, பெயர் வைத்தேன்: 'கரடி, காடு', 'கரடி, குகை', 'முள்ளம்பன்றி, ஓடும்போது'. நகல் எடுத்தேன். உனக்கும் வந்திருக்கும். சமையலறையில் அலமாரியைத் துடைத்து ஜாடிகளை வரிசையாக வைத்தது போன்ற சந்தோஷம். என் கணவர் கேட்டார்: "வீட்டு அலமாரியும் ஒண்ணு இருக்கே, ஞாபகமிருக்கா?"

இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன்.

நேற்று புனித கியோர்கி நாள். ஆட்டுக்கறி சாப்பிட்ட கையோடு பெஞ்சோ மாமா அரங்கத்துக்கு வந்தார். டாக்டர் பேசலாம் என்று சொல்லிவிட்டாராம். மைக் முன்னால் உட்கார்ந்தார். நான் கரடியைத் திறந்து கொடுத்தேன். "யாரு என் தேன எடுத்தது?" என்றார்.

கெட்டில் விசில் அடிப்பது போல வந்தது. அவர் குரல் மெலிந்துவிட்டது, நெவெனா. காற்றுத்தான் பாதி. உன் செட்டிங் அந்தக் காற்றைப் பிடித்துப் பெரிதாக்கி உஸ்ஸென்று தள்ளுகிறது. இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "கரடி இன்னும் குளிர்காலத் தூக்கத்துலதான் இருக்குது புள்ள. வேற ஆளப் பாரு. நான் டிக்கெட் கிழிக்கறேன்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வேறு ஆள் வேண்டாம். என்ன செய்யட்டும்?

ராட்கா

•

வர்னா, மே 10

ராட்கா,

இதை நான் யோசித்திருக்க வேண்டும். அந்த செட்டிங் கரடிக்குத் தைத்ததில்லை, பெஞ்சோ மாமாவின் பழைய தொண்டைக்குத் தைத்தது. உடம்பு இளைத்தவருக்குப் பழைய கோட்டைப் போட்டால் தொங்கத்தான் செய்யும். கோட்டைக் கிழிக்காதே. புதிதாக ஒன்று தைக்கலாம்.

அவரை டிக்கெட் கிழிக்க விடாதே. அவர் கிழித்தால் எல்லாப் பிள்ளைகளையும் இலவசமாக விட்டுவிடுவார்.

நான் இங்கிருந்து கேட்டுச் செய்ய முடியாது. அந்த அரங்கத்தின் ஒலிபெருக்கிகள் எப்படிப் பொய் சொல்லும் என்று அங்கே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நீதான் செய்ய வேண்டும். பயப்படாதே. இடது பக்கக் குமிழ் சுருதி. அதை இறக்கினால் குரல் இறங்கும். அடுத்தது கனம், நெஞ்சு பெரிதாகும். மூன்றாவது கரகரப்பு; அதைத்தான் முதலில் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன், காற்றைச் சீற வைப்பது அதுதான். கடைசி எதிரொலி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருகு. பிடித்தால் புதுப் பெயரில் வை. பிடிக்காவிட்டால் பழையது எப்போதும் இருக்கிறது. நகல் எடுத்து வைத்ததே இதற்காகத்தான்: பயமில்லாமல் கெடுத்துப் பார்க்கலாம்.

நீ பொம்மை செய்கிறவள். மரத்தைச் சீவும்போது எங்கே நிறுத்துவது என்று உன் கைக்குத் தெரியும். காதுக்கும் தெரியும்.

நெவெனா

•

கசன்லக், மே 19

நெவெனா! நெவெனா!

வரிசையாகச் சொல்ல முயற்சி செய்கிறேன்.

பெஞ்சோ மாமாவை அவர் வீட்டுக்கே போய் இழுத்து வந்தேன். ரோஜா பறிக்கப் போய்விட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "டிக்கெட் கிழிக்கற வேலைக்கும் ஒத்திகை உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன்.

நீ சொன்னபடி ஒவ்வொன்றாகத் திருகினேன். தவளை வந்தது. மாவு மில் வந்தது. நகராட்சியில் கையெழுத்துக்கு அலையவிடுவாரே அந்த மனிதர் வந்தார். அதைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். கரடி வரவில்லை. மாமாவுக்கு அலுப்பு, எனக்கு எரிச்சல். "நீ அந்தக் குமிழத் திருகற திருகுல எனக்குத்தான் கழுத்து வலிக்குது" என்கிறார். "நீங்க கொஞ்சம் சத்தமாப் பேசினா நான் ஏன் திருகறேன்?" என்கிறேன். "சத்தம் இருந்தா உன்கிட்ட ஏன் மாட்டறேன்?" என்கிறார்.

சரி, பழைய கரடியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கலாம் என்று பட்டியலில் கையை வைத்தேன். கண்ணாடி போடவில்லை. ஒரு வரி கீழே அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. மாமா அப்போது என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். "ராட்கா, எனக்குப் பசிக்குது" என்றார்.

பெரிய, வயதான, அப்போதுதான் தூங்கி எழுந்த ஒரு கரடி "ராட்கா, எனக்குப் பசிக்குது" என்று அரங்கம் முழுக்கச் சொன்னது.

நான் திரையைப் பார்க்கிறேன்: 'வாடைக்காற்று'. நீ அந்தக் காற்றுக்குச் சுருதியை அவ்வளவு இறக்கி வைத்திருக்கிறாய், கரகரப்பே இல்லை. மாமாவின் பழைய குரலில் அது ஊளையாகத்தான் வந்தது. இப்போது அவர் குரலிலேயே காற்று இருக்கிறதல்லவா? அது கரடியின் மூச்சாகிவிட்டது. மூச்சு விடுகிற கரடி!

மாமா மைக்கில் கையை வைத்து மூடிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அது நானா?"

"நீங்கதான் மாமா."

"பழைய பயலவிட இவன் நல்லா இருக்கானே."

பிறகு நிறுத்தவே முடியவில்லை. தேன் கேட்டார், நரியைத் திட்டினார், ஸ்தாங்கா அத்தை மாதிரி சீட்டு விளையாடினார். நான் அழுதேன். சிரிப்பில்தான் என்று வைத்துக்கொள்.

புதுப் பெயரில் சேமித்தேன். நகலும் எடுத்தேன். உனக்கும் அனுப்புகிறேன், மாமா பேசியதையும் சேர்த்து. இப்போது ஒரு தொல்லை: காற்றின் குரலைக் கரடி எடுத்துக்கொண்டுவிட்டது. நாடகத்தில் காற்றுக்கு யார்?

உன் ராட்கா

•

வர்னா, மே 22

ராட்கா,

கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன். எங்கள் மேலாளர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "யாருடைய குரல் அது?" என்றார். "என் கரடி" என்றேன். ஒரு காதுக்கு ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, போய், இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எதிரொலியை ஒரு பொட்டு குறை; கடைசி எழுத்து இழுபடுகிறது. மற்றபடி கை வைக்காதே. இத்தனை நாள் அந்தப் பெட்டிகளோடு இருந்தும் இப்படிப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. கண்ணாடி போடாமலே இரு.

காற்று நீதான். வேறு யார்? அக்டோபரில் நீ என்னைத் திட்டியபோது ஜன்னலெல்லாம் அடித்துக்கொண்டது. முன்பு 'கடைசிக்குக் கடைசி' என்று இருந்ததே, அதில் பேசிப் பார்.

திருவிழாவுக்கு வர முடியாது. அந்த வாரம் எங்கள் விளையாட்டு வெளியாகிறது, யாருக்கும் விடுமுறை இல்லை. வர மனமில்லை என்று நினைத்துவிடாதே. நினைப்பாய் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நெவெனா

•

கசன்லக், ஜூன் 5

என் கண்ணே நெவெனா,

நினைத்தேன். அரை நாள். பிறகு நிறுத்திவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அரங்கம் நிரம்பி, படியிலும் பிள்ளைகள். எல்லோர் தலையிலும் ரோஜா மாலை. அந்த வாசனையில் எனக்கு மறுபடி தும்மல். முள்ளம்பன்றி வந்தது, கைதட்டினார்கள். நான் காற்றாக வீசினேன்; முதல் வரிசையில் ஒரு பெண் குழந்தை தன் அம்மாவின் பாவாடைக்குள் தலையை விட்டுக்கொண்டது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

பிறகு குகைக்குள்ளிருந்து கரடி. "யாரு என் தேன எடுத்தது?"

நடுவிலிருந்து ஒரு வாண்டு எழுந்து நின்று கத்தியது: "இது தோப்லோ இல்ல! தோப்லோ குரல் இப்படி இருக்காது!"

போச்சு என்று நினைத்தேன். பெஞ்சோ மாமா திரைக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து ஒரு கண்ணடித்தார். மெதுவாக, அந்தப் பெரிய மூச்சோடு, சொன்னார்:

"ஏண்டா, நீ மட்டும் போன வருஷம் இருந்த மாதிரியா இருக்க? முன்னாடி பல்லு எங்கடா போச்சு?"

சிரிப்பில் கூரையே பறந்துவிட்டது, நெவெனா. அந்த வாண்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தது. பிறகு ஆளாளுக்கு எழுந்து, "எனக்கும் பல்லு போச்சு!", "நான் வளந்துட்டேன்!", "எனக்குத் தம்பி பொறந்திருக்கான்!" என்று கரடியிடம் ஒப்பித்தார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். நாடகம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தாய்மார்கள் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

முடிந்ததும் அவர் ஒரு கோப்பை ரகியாச் சாராயத்தை வைத்துக்கொண்டு, குடிக்காமல், பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "நெவெனாவுக்கு எழுது" என்றார். "பொம்மையக் கீழ போட்டவ இல்ல அவ. தூரத்துல இருந்து கயிறப் புடிச்சுக்கிட்டிருக்கா."

நான் சொல்லியிருக்க வேண்டியதை அவர் சொல்லிவிட்டார். நான் சொல்வதும் அதேதான்.

ராட்கா

•

வர்னா, ஜூன் 11

ராட்கா,

நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத ஆரம்பித்து, எழுந்து போய் முகம் கழுவி வந்து, மறுபடி ஆரம்பித்து, அப்படியே போய்விட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கடற்கரைப் பூங்காவில் கோடைக்காலத்தில் குழந்தைகளுக்கு ஒரு சின்ன மேடை போடுவார்கள். அதை நடத்துகிற அம்மாளிடம் மாமாவின் பதிவைப் போட்டுக் காட்டினேன். "இந்தக் கரடி எப்ப வருது?" என்று கேட்டாள். எப்போது சாத்தியம் என்று கேட்கவில்லை, எப்போது வருகிறது என்றுதான் கேட்டாள். ஜூலையில் ஒரு வாரக் கடைசியைக் குறித்துக்கொண்டேன். உன்னைக் கேட்காமலேதான். கத்துவதாக இருந்தால் இப்போது போன் செய்து கத்தலாம், எடுப்பேன்.

என் வீட்டில் இரண்டு கட்டில், ஒரு சோபா. ஒலிப் பெட்டி முன்னால் நான் உட்காருவேன். நீ காற்றை மட்டும் பார்த்துக்கொள்.

நெவெனா

•

கசன்லக், ஜூன் 13

நெவெனா,

போனில் பேசி முடித்த கையோடு எழுதுகிறேன், ஏனென்றால் பேசும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதில் ஒன்று விட்டுப்போயிற்று.

கடலுக்கு வருவதால் புதிதாக ஒரு கடற்காகம் செதுக்கியிருக்கிறேன். லிண்டன் மரம். கழுத்து சுற்றும், இறக்கை தனித்தனியாக அடிக்கும், பார்வை திருட்டுப் பார்வை. கரடியின் மீனைத் திருடுகிற வேலை. மாமாவுக்கு இப்போது இருக்கிற மூன்று பாத்திரமே போதும், என் தொண்டையில் வாடைக்காற்று இருக்கிறது. கடற்காகத்துக்குக் குரல் நீ.

முடியாது என்று சொல்லாதே. ஏழு வருடம் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது போதும். எந்தக் குமிழை வேண்டுமானாலும் திருகிக்கொள், ஆனால் மைக்கில் வாயைத் திற. செட்டிங்குக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வை, நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

ராட்கா

•

வர்னா, ஜூன் 18

ராட்கா,

முடியாது என்று எழுதி அழித்துவிட்டேன்.

இன்று காலை வேலைக்குப் போகும் முன் அலைத்தடுப்புச் சுவர் வரை நடந்தேன். மீன் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் தள்ளி இருந்தார்கள். சுவர் முழுக்கக் கடற்காகங்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உன்னை மனதில் நினைத்துக்கொண்டு, கத்தினேன். மைக் இல்லை, பிளகின் இல்லை, வெறும் தொண்டை. மீன் பிடிக்கிற ஒரு பெரியவர் தூண்டிலைத் தவறவிட்டு, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று ஓடி வந்தார். "ஒத்திகைங்க" என்றேன். "அப்ப இன்னும் கொஞ்சம் மூக்கால கத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூக்கால் கத்தினேன். கடற்காகங்கள் எல்லாம் படபடவென்று எழும்பிப் பறந்துவிட்டன. ஒன்று மட்டும் சுவரிலேயே நின்றது. தலையைச் சாய்த்து என்னை நன்றாகப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டி, எனக்குப் பதில் கத்தியது.

நெவெனா